மேற்கு சகாரா: மணலையும் பாஸ்பேட்டையும் விடச் சிக்கலானது ஆள்கணக்கு

"மேற்கு சகாரா எந்த நாட்டைச் சேர்ந்தது? வெறும் மணல்காட்டுக்கு ஐம்பது வருடமாக ஏன் சண்டை? எல்லாம் பாஸ்பேட்டுக்காகத்தானே?" என்பது கேள்வி. பாஸ்பேட் என்ற பதில் எங்கு தேடினாலும் கிடைக்கும். அது கால்வாசிதான் சரி. மீதி முக்கால்வாசிக்கு, அந்த நிலத்தின் ஆட்கள் யார் என்று எண்ணிப் பார்க்க நடந்த முயற்சியையும் அது முறிந்துபோன விதத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் நிலத்தைப் பார்த்துவிடலாம்.

ஐ.நா.வின் 'தன்னாட்சி பெறாத பகுதிகள்' பட்டியலில் 1963 முதல் வடமேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் உள்ள அந்த நிலம் இருக்கிறது, இன்றும் நீக்கப்படவில்லை. அப்போது ஆண்டது ஸ்பெயின். 1976இல் ஸ்பெயின் கிளம்பிய பிறகு, இன்று சுமார் 80 விழுக்காடு நிலம் மொராக்கோ கையில் இருக்கிறது. கிழக்கு ஓரத்து மிச்சம் சஹ்ராவி மக்களின் விடுதலை இயக்கமான பொலிசாரியோ கையில். மொராக்கோ தன் பகுதியைத் 'தென் மாகாணங்கள்' என்கிறது. பொலிசாரியோ 1976 பிப்ரவரி 27 அன்று 'சஹ்ராவி அரபு ஜனநாயகக் குடியரசு' என்று ஒரு நாட்டையே அறிவித்துவிட்டது. அந்தக் குடியரசும் மொராக்கோவும் இன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தில் ஒரே அவையில் உறுப்பினர்கள். குடியரசைச் சேர்த்ததற்காக 1984இல் பழைய அமைப்பை விட்டு வெளியேறிய மொராக்கோ, 2017இல் திரும்பி வந்தது.

பரப்பு சுமார் 2,66,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. குடியிருப்போர் ஆறு இலட்சம் அளவில். மொராக்கோவின் 2024 கணக்கெடுப்பில் லாயூன் மண்டலத்துக்கு சுமார் 4.5 இலட்சம், தாக்லா மண்டலத்துக்கு சுமார் 2.2 இலட்சம் என்று எண்கள் வரும். இரண்டையும் கூட்டி அதுதான் மேற்கு சகாராவின் மக்கள்தொகை என்று எழுதிவிடாதீர்கள். லாயூன் மண்டலத்துக்குள் தர்ஃபாயாவும் அடக்கம். அது 1958இலேயே ஸ்பெயின் மொராக்கோவிடம் கொடுத்த இடம், தகராறுக்கு வெளியே. நிர்வாக எல்லையும் தகராறு எல்லையும் ஒன்றல்ல. தர்ஃபாயா காற்றாலையை 'ஆக்கிரமிப்பு நிலத்தில் கட்டியது' என்று எழுதுகிறவர்கள் இடறி விழுவதும் இங்கேதான்.

வரைபடத்தில் எல்லைகள் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல இருக்கும். வடக்கே 27°40' அட்சரேகை, கிழக்கே 8°40' தீர்க்கரேகை. பாரிசிலும் மாட்ரிட்டிலும் உட்கார்ந்து போட்ட கோடுகள். ஒரே ஓர் இடத்தில், தென்கிழக்கில், கோடு வில்போல வளையும். அங்கே மலையோ ஆறோ கிடையாது. இஜில் என்ற உப்பளம் இருக்கிறது. 1900 ஒப்பந்தத்தில் அது தன் பக்கம் விழ வேண்டும் என்று பிரான்ஸ் வளைத்துக்கொண்டது. அதே மூலையில்தான் பிற்பாடு இன்னொரு கூத்து நடந்தது. மொரித்தானியாவின் இரும்புத்தாதை நுவாதிபு துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் ரயில்பாதை சமவெளி வழியாகப் போயிருக்கலாம். அந்தச் சமவெளியில் சில கிலோமீட்டர் ஸ்பெயின் எல்லைக்குள் வந்ததால், சும் என்ற இடத்தில் கருங்கல்லைக் குடைந்து சுமார் 2 கி.மீ. சுரங்கம் போட்டார்கள். 1991க்குப் பிறகு சுரங்கத்தைக் கைவிட்டு, பொலிசாரியோ வசமுள்ள மூலையில் சுமார் 5 கி.மீ. குறுக்கே வெட்டி ரயில் போகிறது.

நிலம் இரண்டு பழைய கூறுகள். வடக்கே சாகியா அல் ஹம்ரா, அதாவது சிவப்பு வாய்க்கால். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளம். தெற்கே ரியோ தெ ஓரோ, அதாவது பொன்னாறு. அங்கே பொன்னும் இல்லை, ஆறும் இல்லை. போர்த்துகீசிய மாலுமிகள் தாக்லா விரிகுடாவை ஆற்று முகத்துவாரம் என்று நினைத்து வைத்த பெயர். பொலிசாரியோ என்ற பெயர்ச் சுருக்கத்துக்குள் இந்த இரண்டு பெயர்களும் ஒளிந்திருக்கின்றன.

பாலைவனம் என்றதும் மணல்மேடுகள் மனதில் வரும். இங்கே பெரும்பகுதி சரளைக்கல் பரவிய தட்டை நிலம். உள்நாட்டில் ஆண்டு மழை 50 மில்லிமீட்டருக்கும் கீழ், அதுவும் எப்போது எங்கே பெய்யும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அங்கிருந்த நாடோடிகள் தங்களை 'மேகத்தின் பிள்ளைகள்' என்றார்கள். மேகம் எங்கே இறங்குகிறதோ அங்கே ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போவார்கள். மேய்ச்சலுக்கு எல்லைக்கோடு கிடையாது. ரகெய்பாத் குலத்தார் இன்றைக்கு நான்கு நாடுகளின் வரைபடத்திலும் பரவிக் கிடப்பதற்கு அதுவே காரணம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடற்கரை கதையே வேறு. சுமார் 1,100 கி.மீ. கரை. வடகிழக்குக் காற்று மேல்மட்டத் தண்ணீரைக் கடலுக்குள் தள்ள, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதோடு அடியில் தங்கிய சத்தும் வரும். மிதவை உயிர்கள் பெருகும். மத்தி கூட்டம் கூட்டமாக வரும். அதே குளிர்நீர்தான் கரையில் மூடுபனியைக் கிளப்பி மழையைத் தடுக்கிறது. கடல் கொழுத்ததற்கும் கரை காய்ந்ததற்கும் ஒரே காரணம். தாக்லாவில் ஆகஸ்ட் மாதத்திலும் மேல்சட்டை தேவைப்படலாம். நேர் கிழக்கே சில நூறு கிலோமீட்டர் போனால் கொதிக்கும்.

இனி பாஸ்பேட். 1947இல் ஸ்பானிய நிலவியலாளர் மனுவேல் அலியா மெதினா பூக்ராவில் படிவத்தைக் கண்டார். 1972இல் வெட்டி எடுப்பது தொடங்கியது. சுரங்கம் கடலிலிருந்து சுமார் 100 கி.மீ. உள்ளே. லாரியோ ரயிலோ இல்லாமல், பாறையைக் கடற்கரைக்குக் கொண்டுவர ஜெர்மனியின் குருப் நிறுவனம் ஒரு கன்வேயர் பெல்ட் போட்டது. இந்த வகையில் உலகிலேயே நீளமானது அது. செயற்கைக்கோள் படத்தில் பெல்ட்டின் தெற்குப் பக்கம் நெடுகிலும் வெள்ளைப் பட்டை தெரியும்; காற்று வாரி இறைத்த பாஸ்பேட் தூள். கரைக்கு வந்த பாறையைக் கடல்நீரில் கழுவி, உப்பு போக நன்னீரில் அலசி, உலர்த்திக் கப்பலில் ஏற்றுவார்கள். பெல்ட்டின் பலவீனம் சொல்லாமலே விளங்கும்: 100 கிலோமீட்டரில் எங்கே ஓர் இடத்தில் தீ வைத்தாலும் மொத்தமும் நின்றுபோகும். 1970களில் பொலிசாரியோ அதைத்தான் செய்தது. ஏற்றுமதி பல ஆண்டுகள் முடங்கியது.

ஆனால் அளவைப் பாருங்கள். உலகப் பாஸ்பேட் இருப்பில் சுமார் 70 விழுக்காடு மொராக்கோவிடம் என்பார்கள். அது உண்மை. அந்தக் குவியலின் பெரும்பகுதி கூரிப்கா போன்ற, தகராறே இல்லாத மொராக்கோ மண்ணில் இருக்கிறது. மொராக்கோ அரசு நிறுவனமான ஓ.சி.பி.யின் கணக்குப்படி பூக்ராவின் பங்கு மொத்த இருப்பில் சுமார் 2 விழுக்காடு. இரண்டு விழுக்காட்டுக்காக எந்த நாடும் ஐம்பது ஆண்டு படையை நிறுத்தி வைக்காது. எனவே பாஸ்பேட் இந்தச் சண்டைக்குக் கிடைத்த கூலி என்றால் பொருந்தும், காரணம் என்றால் பொருந்தாது.

கூலியும் எப்போதும் சுலபமாகக் கைக்கு வருவதில்லை. 2017 மே மாதம், பூக்ரா பாறையை 50,000 டன்னுக்கு மேல் ஏற்றி நியூசிலாந்துக்குப் போன 'என்.எம். செர்ரி பிளாசம்' என்ற கப்பலைத் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் நீதிமன்ற உத்தரவின் பேரில் நிறுத்தினார்கள். 2018இல் சரக்கு சஹ்ராவிக் குடியரசுக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. அதே 2017 மே மாதம் பனாமாவில் பிடிபட்ட இன்னொரு கப்பலை, எங்களுக்கு இதில் அதிகாரம் இல்லை என்று அங்குள்ள நீதிமன்றம் விட்டுவிட்டது. ஒரே சரக்கு, இரண்டு துறைமுகம், இரண்டு விதி. வாங்குகிறவருக்கு அதன் பிறகு பாறையின் விலையோடு கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதும் கணக்கில் சேர்ந்துகொண்டது.

நமக்கும் இதில் ஒரு இழை உண்டு. டி.ஏ.பி. உர மூட்டையில் 18:46 என்று அச்சிட்டிருக்கும். 46 என்பது மணிச்சத்து. அந்த மணிச்சத்துக்கு இந்தியா பெரும்பாலும் வெளிநாட்டுப் பாறையையும் பாஸ்பாரிக் அமிலத்தையுமே நம்பியிருக்கிறது, விற்பவர்களில் மொராக்கோ முன்வரிசையில் இருக்கிறது. ஒடிசாவின் பாராதீப் பாஸ்பேட்ஸில் ஓ.சி.பி.க்குக் கூட்டுப் பங்கும் உண்டு. இந்தியா 1985இல் சஹ்ராவிக் குடியரசை அங்கீகரித்தது, 2000இல் அதைத் திரும்பப் பெற்றது. உரம்தான் காரணம் என்று அரசு சொன்னதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உங்கள் விருப்பம்.

இன்று பாஸ்பேட்டைவிட அதிகம் பேருக்குச் சோறு போடுவது கடல். லாயூனில் மத்தி இறங்குகிறது. ஒரு பகுதி டப்பாவுக்குப் போகும், பெரும்பகுதி அரைபட்டு மீன்தூளும் எண்ணெயுமாகப் போகும். தாக்லாவின் செல்வம் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். சிறு படகுக்காரர்கள் கயிற்றில் வரிசையாக பிளாஸ்டிக் குடுவைகளைக் கட்டிக் கடலடியில் இறக்கிவிடுவார்கள். இரை வைக்கத் தேவையில்லை. பொந்து கிடைத்தது என்று பேய்க்கணவாய் தானே உள்ளே புகுந்துகொள்ளும். கயிறு அறுந்தால் குடுவைகள் கரையில் ஒதுங்கிக் குவியும். தாக்லா கடற்கரைகளின் தீராத குப்பை அது. முட்டையிடும் காலங்களில் பிடிப்புக்குத் தடை உண்டு. உறைய வைத்த சரக்கு ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் போகிறது.

மூன்றாவது தக்காளி. தாக்லாவுக்கு வெளியே வலைக்குடில்களில் செர்ரித் தக்காளியும் முலாம்பழமும் விளைகின்றன. ஐரோப்பா குளிரில் கிடக்கும் மாதங்களில் இங்கே காய்ப்பதுதான் ஆதாயம். பாசனம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. வெதுவெதுப்பாக, கந்தக வாடையோடு வரும் பழங்காலத் தண்ணீர். எடுத்தால் எடுத்ததுதான், மழை அதை நிரப்பாது. அதனால்தான் 5,000 ஹெக்டேருக்குப் பாசனம் தர, காற்றாலை மின்சாரத்தில் ஓடும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுகிறார்கள். பறித்த தக்காளி 1,100 கி.மீ.க்கு மேல் லாரியில் அகாதிருக்குப் போய் அங்கே பெட்டிக்குள் போகிறது. பெட்டியில் ஒட்டியது 'மொராக்கோ' என்ற சீட்டு. அந்தச் சீட்டுதான் வழக்காகிப்போனது. அந்த வழக்கைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மூன்று தொழிலும், மொராக்கோ பாலையின் குறுக்கே எழுப்பிய சுவருக்கு மேற்கே இருப்பது தற்செயல் இல்லை. 1975இல் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: அக்டோபர் 16 அன்று அனைத்துலக நீதிமன்றம், சில குலங்கள் மொராக்கோ சுல்தானுக்குக் கட்டுப்பட்டிருந்தன, ஆனாலும் அது நிலத்தின் மீதான இறையாண்மை ஆகாது, மக்களே முடிவு செய்யட்டும் என்று கருத்துரைத்தது. மொராக்கோ முதல் பாதியைப் பிடித்துக்கொண்டது, பொலிசாரியோ இரண்டாம் பாதியை. நவம்பர் 6 அன்று மன்னர் இரண்டாம் ஹசன் 3,50,000 குடிமக்களை எல்லை தாண்டி நடக்க அனுப்பினார். 'பசுமைப் பேரணி' அது. நவம்பர் 14 அன்று ஸ்பெயின், நிலத்தை மொராக்கோவுக்கும் மொரித்தானியாவுக்கும் விட்டுக்கொடுக்க மாட்ரிட்டில் கையெழுத்திட்டது. மொரித்தானியா 1979இல் தாக்குப்பிடிக்காமல் விலக, அதன் பங்கையும் மொராக்கோ எடுத்துக்கொண்டது.

பாலையில் லேண்ட்ரோவரில் வந்து அடித்துவிட்டு மறையும் பொலிசாரியோவை மொராக்கோ படையால் துரத்த முடியவில்லை. 1980இல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். முதலில் லாயூன், ஸ்மாரா, பூக்ரா அடங்கிய 'பயனுள்ள முக்கோணம்'. பிறகு கட்டம் கட்டமாகத் தெற்கே நகர்த்தி, 1987இல் ஆறாவது சுவரோடு முடித்தார்கள். சுமார் 2,700 கி.மீ. சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. புல்டோசரால் மணலையும் கல்லையும் தள்ளி ஆளுயரத்துக்கு மேல் குவித்த கரை, அதன் முன்னே அகழி, முள்கம்பி, கண்ணிவெடி வயல், பின்னே சில கிலோமீட்டருக்கு ஒரு முகாமும் ராடாரும். கரை ஆளைத் தடுக்காது, வண்டியைத் தடுக்கும். வண்டி கரையை உடைக்கும் நேரத்துக்குள் ராடார் பார்த்துவிடும். வேலை செய்யும் விதம் அவ்வளவுதான். கெடுதல், மழை பெய்தால் வெள்ளம் கண்ணிவெடிகளைப் பெயர்த்து வேறு இடத்தில் போட்டுவிடும். மேய்ச்சல்காரரின் நினைவில் உள்ள வரைபடம் அன்றோடு செல்லாது.

1991 செப்டம்பர் 6 அன்று போர்நிறுத்தம். வாக்கெடுப்பு நடத்த மினுர்சோ என்ற ஐ.நா. பணிக்குழு வந்தது. தனி நாடா, மொராக்கோவோடா, இரண்டில் ஒன்று. கேள்வி எளிது. வாக்காளர் யார்?

1974இல் ஸ்பெயின் எடுத்த கணக்கில் 73,497 சஹ்ராவிகள். அதை அடிப்படையாக வைக்கலாம் என்று பொலிசாரியோ. ஸ்பானியர் தொல்லையில் வடக்கே ஓடிப்போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எங்கே என்று மொராக்கோ. இரண்டு வாதத்திலும் உண்மை இருந்தது, இரண்டிலும் தேர்தல் கணக்கும் இருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத நாடோடிச் சமூகத்தில் அடையாளத்தை எப்படி மெய்ப்பிப்பது? 1994இல் தொடங்கிய முறை இப்படி: விண்ணப்பித்தவர் மேசைக்கு முன் வந்து உட்காருவார். எதிரே இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு ஷேக், அதாவது அவருடைய குலக்கிளையின் பெரியவர். தகப்பன் யார், பாட்டன் யார், எந்தக் கூடாரக் கூட்டம், எந்தக் கிணறு என்று விசாரணை. ஒரு ஷேக் 'நம்ம ஆள்' என்பார், மற்றவர் 'பார்த்ததே இல்லை' என்பார். எச்41, எச்61, ஜே51/52 என்று ஸ்பானியக் கணக்கில் எண்ணிட்ட குலக்கூட்டங்கள் வந்தபோது வேலையே நின்றது. எல்லையின் இருபுறமும் பரவியவர்கள் அவர்கள். மேகத்தின் பின்னால் போனவர்களிடம் 'நீ கோட்டுக்கு எந்தப் பக்கம்' என்ற கேள்வி. 1997இல் ஐ.நா. தூதர் ஜேம்ஸ் பேக்கர் பேசிச் சரிசெய்து, ஒருவழியாகப் பணி முடிந்தபோது தகுதி பெற்றோர் 86,386. உடனே 1,30,000க்கு மேல் மேல்முறையீடுகள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் மறுபடி சாட்சி, மறுபடி ஷேக். வாக்கெடுப்பு அந்தத் தாள்களுக்கு அடியில் புதைந்தது.

அதே ஆள்கணக்குதான் அகதி முகாம்களிலும். 1975-76இல் ஓடியவர்கள் அல்ஜீரியாவின் திந்தூஃப் பக்கம், ஹமாதா என்ற கற்பாலையில் தங்கினார்கள். ஐந்து முகாம்கள்: லாயூன், ஸ்மாரா, அவ்செர்த், தாக்லா, புஜ்தூர். எல்லாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள். ஐ.நா. அமைப்புகள் 2018இல் போட்ட மதிப்பீடு 1,73,600 பேர். உலக உணவுத் திட்டம் வழங்கியது சுமார் 1,33,000 பங்கு ரேஷன். ஆட்களைப் பதிவு செய்யுங்கள் என்று மொராக்கோ கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது வாக்கெடுப்போடு சேர்ந்தே நடக்க வேண்டிய வேலை என்கிறது மறுபக்கம்.

முகாம் வீடு மண்கட்டி வீடு. வெயிலுக்கு நல்லது, மழைக்குக் கரையும். 2015 அக்டோபர் மழையில் ஆயிரக்கணக்கில் விழுந்தன. ஆடுகளுக்குப் பழைய வண்டித் தகடும் கம்பியும் சேர்த்துக் கட்டிய பட்டி. தண்ணீர் டேங்கர் லாரியில். சில கிணறுகளில் அயோடின் மிகுந்து, குறைவால் அல்ல, மிகையால் கழுத்துக்கழலை வந்திருக்கிறது. உணவிலும் ஒரு விபரீதம் உண்டு. ஒட்டகப்பாலும் இறைச்சியும் சாப்பிட்ட மக்களுக்கு நிவாரணமாக வந்தது கோதுமை மாவு. கோதுமைப் புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் முகாம் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருப்பதாக 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐரோப்பாவில் இது நூற்றுக்கு ஒன்று என்ற அளவு. பட்டினிக்குக் கொடுத்த மாவே சிலருக்கு நோய்.

பேசுவது ஹசானியா அரபு. முகாமில் இரண்டாம் மொழி ஸ்பானியம், மொராக்கோ பக்கம் பிரெஞ்சு. கியூபாவில் படித்துத் திரும்பிய மருத்துவர்களும் ஆசிரியர்களும் உண்டு. பெண்கள் மெல்ஃபா என்ற நீளத்துணியைச் சுற்றியிருப்பார்கள். தேநீர் மூன்று சுற்று: முதலாவது வாழ்க்கைபோல் கசப்பு, இரண்டாவது காதல்போல் இனிப்பு, மூன்றாவது மரணம்போல் மென்மை என்பது வழக்குச் சொல். மூன்றும் முடியாமல் எழுந்தால் மரியாதை இல்லை. சுவரின் இருபுறமும் இது மாறவில்லை.

தக்காளிச் சீட்டுக்கு வருவோம். 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், மொராக்கோவுடனான மீன்பிடி, வேளாண் உடன்பாடுகள் மேற்கு சகாராவுக்குச் செல்லாது என்றது. முலாம்பழத்திலும் தக்காளியிலும் 'மேற்கு சகாரா' என்றே போட வேண்டும் என்றது. காரணம் கூர்மையானது. ஐரோப்பிய ஆணையம் 'அங்கே வசிப்பவர்களை'க் கலந்து பேசியிருந்தது. வசிப்பவர்கள் வேறு, அந்த நிலத்தின் 'மக்கள்' வேறு, பின்னவர்களில் பெரும்பாலோர் இப்போது வெளியே இருக்கிறார்கள், அவர்கள் சம்மதம்தான் தேவை என்றது நீதிமன்றம். ஷேக்குகள் முன்னால் மேசையில் கிடந்த அதே கேள்வி. 2025 அக்டோபரில் ஒன்றியமும் மொராக்கோவும், பெட்டியில் மண்டலப் பெயரைப் போடும் புதிய ஏற்பாட்டுக்கு வந்தன.

அரசியல் காற்று மொராக்கோ பக்கம் வீசுகிறது, சந்தேகமில்லை. 2020 நவம்பரில் தெற்கு எல்லையான கெர்கெராத்தில் சஹ்ராவிகளின் சாலை மறியலை மொராக்கோ படை அகற்றியது. போர்நிறுத்தம் முடிந்தது என்றது பொலிசாரியோ. அடுத்த மாதம் அமெரிக்கா மொராக்கோவின் இறையாண்மையை ஏற்றது. 2022இல் ஸ்பெயின், 2024இல் பிரான்ஸ், 2025இல் பிரிட்டன் என்று மொராக்கோவின் 2007 தன்னாட்சித் திட்டத்துக்கு, அதாவது மொராக்கோவுக்குள்ளேயே தன்னாட்சி என்பதற்கு, ஆதரவு கூடியது. 2025 அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு அவையின் 2797ஆம் தீர்மானம் அந்தத் திட்டத்தையே பேச்சுவார்த்தைக்கு அடிப்படை ஆக்கியது. சுவருக்குக் கிழக்கே டிரோன் பறப்பதால், முன்பு ஒட்டகம் மேய்த்த இடங்களுக்கு இப்போது ஆள் போவது குறைவு.

போக நினைப்பவர்களுக்கு: மேற்குப் பகுதிக்கு மொராக்கோ விசா, மொராக்கோ பணமான திர்ஹாம், தொலைபேசிக்கு +212. சாலையில் சோதனைச் சாவடிகள் அதிகம், பாஸ்போர்ட் நகல் பத்துப் பதினைந்து கையில் இருந்தால் நேரம் மிச்சம். பெட்ரோல் மொராக்கோவைவிட மலிவு, அரசின் சலுகை. தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள், கண்ணிவெடி. இணையத்தில் '.இ.எச்' என்ற நாட்டுக் குறியீடு இந்த நிலத்துக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் யாருக்கும் கொடுக்கவில்லை.

மினுர்சோவின் பெயரில் உள்ள 'ர்' வாக்கெடுப்பைக் குறிக்கும் எழுத்து. வாக்காளரை அடையாளம் கண்ட கோப்புகளைப் பெட்டியில் அடைத்து ஜெனீவாவின் ஐ.நா. அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 86,386 பெயர்களில் மிக இளையவருக்கும் இப்போது வயது ஐம்பதை எட்டியிருக்கும்.